பழைய மரப்படகைச் சரிசெய்ய நினைக்கிறீர்களா? ஏற்காடு, சேலம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்வராயன் மலையில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களில் சிலரிடம், தோட்டத்துக் குட்டையில் ஓட்டுவதற்கென்று தாத்தா காலத்தில் வாங்கிய துடுப்புப் படகு ஒன்று இன்னும் இருக்கும். ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கும். விறகாக்க மனசு வராது, தண்ணீரில் இறக்கத் தைரியமும் வராது. மரவேலை செய்கிறவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாமே நன்னீரில் துடுப்புப் போட்டு ஓட்டும், 10 அடியிலிருந்து 16 அடி வரை உள்ள பலகைப் படகுகளைப் பற்றியவை. கடல் படகின் கணக்கே வேறு.

எங்கள் படகைக் காப்பாற்ற முடியுமா, முடியாதா? எப்படிப் பார்ப்பது?

பெயின்டைச் சுரண்டாதீர்கள், எதையும் கழற்றாதீர்கள். ஒரு குத்தூசியும் சுத்தியலும் போதும். அடியில் நீளமாக ஓடும் ஏராக்கட்டை, அதை ஒட்டிய முதல் பலகை, உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் வங்குக்கால்களின் அடிப்பாகம், பின்பலகையின் மூலைகள், மேல் விளிம்புச் சட்டத்தின் அடிப்பக்கம், இந்த இடங்களில் ஊசியை அழுத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் ஊசி முனை மட்டும் பதியும், இழுத்தால் கொஞ்சம் பிடிக்கும். கெட்ட மரத்தில் கால் அங்குலம், அரை அங்குலம் என்று சத்தமில்லாமல் இறங்கிவிடும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று பேசும், உளுத்த இடம் பொத்பொத் என்று அமுங்கும்.

அப்புறம் அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரு நூலை இழுத்துக் கட்டி ஏரா நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஏராவும் இரண்டு முனைக் கட்டைகளும் திடமாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம், பாதிப் பலகை போயிருந்தாலும் பரவாயில்லை. ஏராவே நீளத்துக்கு அழுகி, படகின் வடிவமும் தொய்ந்துவிட்டதென்றால், நீங்கள் செய்யப்போவது பழைய படகை அளவாக வைத்துப் புதுப் படகு கட்டுவது. அதுவும் நல்ல வேலைதான், ஆனால் அது தெரிந்தே இறங்குங்கள்.

தண்ணீரில் கிடக்கும் அடிப்பாகம் நன்றாக இருக்கிறது, மேல்பாகம்தான் அழுகியிருக்கிறது. ஏன்?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தாண்டினால் அது வளரத் தொடங்கும், ஆனால் அதற்குக் காற்றும் வேண்டும். முழுசாக ஊறிய மரத்துக்குள் காற்று இல்லை, அதனால் அங்கே பூஞ்சைக்கு வேலை இல்லை. மழைத் தண்ணீர் இறங்கி, பாதி காய்ந்து, மறுபடி நனைந்து கிடக்கும் இடங்கள்தான் போகும். ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம், கீழே சேலத்தைவிட மழையும் அதிகம், மாதக்கணக்கில் பனிமூட்டமும் உண்டு.

இன்னொரு உள்ளூர்க் காரணம் சில்வர் ஓக். காபிக்கு நிழல் தரும் அந்த மரங்களின் இலை சருகாகப் படகுக்குள் விழுந்து சேரும். வங்குக்கால்களின் அடியில் தண்ணீர் ஓடுவதற்காகச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள், சருகு போய் அதை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு இரண்டு வங்குக்கால்களுக்கு நடுவிலும் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு நல்ல செய்தி: கடல் படகுகளைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு நன்னீரில் வாழாது. நம் ஊரில் கவலைப்பட வேண்டியவை பூஞ்சை, கரையான், மரத்தை மாவாக்கும் உளுவண்டு, அவ்வளவுதான்.

படகை லாரியில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுவந்து பட்டறையில் செய்தால் சுலபம் இல்லையா?

ஆள், மின்சாரம், அறுவை மில் எல்லாம் பக்கத்தில் இருப்பதால் சுலபமாகத்தான் தோன்றும். ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

மரம் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறினால் அகலத்தில் உப்பும், இறங்கினால் சுருங்கும், நீளத்தில் மட்டும் அனேகமாக மாறவே மாறாது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில், குளிரும் ஈரமுமாக இருக்கிறது. சேலத்தில் சித்திரை வெயில் 38, 40 டிகிரி போகும், காற்றும் உலர்ந்திருக்கும். மலைக்காற்றில் பழகிய ஆறு அங்குலப் பலகை கீழே வந்து சில வாரம் கிடந்தால் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை சுருங்கலாம். பக்கத்துக்குப் பத்துப் பலகை இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இடுக்கெல்லாம் வாயைப் பிளக்கும், பழைய பலகை ஆணி வரிசையிலேயே வெடிக்கும். அந்தச் சுருங்கிய நிலையில் இடுக்கை நிரப்பி, மறுபடி மலைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்கினால் எல்லாம் உப்பி ஒன்றை ஒன்று நெட்டித் தள்ளும். ஆணி பிடுங்கும், வங்குக்கால் முறியும்.

படகு எந்த ஊர்த் தண்ணீரில் மிதக்கப்போகிறதோ அந்த ஊர்க் காற்றில்தான் அதன் வேலை நடக்க வேண்டும். ஆசாரியை மேலே கூட்டிப் போங்கள். தகரக் கூரை, மூன்று பக்கம் காற்று, நேர் வெயில் படாத இடம் இருந்தால் போதும். பலகையை அறுக்கவும் இழைக்கவும் மட்டும் கீழே அனுப்புங்கள், திரும்பி வந்ததும் படகுக்குப் பக்கத்திலேயே சில வாரம் சட்டம் வைத்து அடுக்கி, அந்தக் காற்றுக்குப் பழக்குங்கள்.

கட்டாயம் இறக்கியே ஆக வேண்டும் என்றால் மழைக்காலத்தில் இறக்குங்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, 14 அடிப் படகைச் சின்ன லோடு வண்டியில் போட்டால் பாதிப் படகு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், வளைவில் வால் போய் எதிலாவது மோதும். படகின் முழு நீளத்துக்கும் தளம் உள்ள வண்டி வேண்டும், எடை ஏராவின் மேல் உட்கார வேண்டும், நடுவயிற்றில் கயிறு போட்டு இறுக்கக் கூடாது.

எந்த மாதம் தொடங்கலாம்?

பொங்கல் முடிந்ததும். மலையில் மழை குறைவாக இருக்கும் மாதங்கள் அவை. சித்திரை கோடை மழைக்குள் பெயின்ட் வேலை முடிந்துவிட வேண்டும். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று பாதை முழுக்க வண்டியாக இருக்கும், அப்போது மரமோ ஆளோ மேலே வருவது சிரமம்.

எதை முதலில் கழற்றுவது?

படகின் வடிவத்தைப் பூட்டும் வரை எதையும் கழற்றாதீர்கள். பழைய படகு அதன் பலகைகளின் இழுப்பினால்தான் வடிவத்தோடு நிற்கிறது. உட்காரும் குறுக்குப் பலகைகளை ஒரே நாளில் எடுத்துவிட்டால் பக்கங்கள் விரிந்து போகும், திரும்பப் பழைய வளைவுக்குக் கொண்டுவரவே முடியாது. முதலில் மூன்று, நான்கு இடத்தில் உள்வளைவுக்கு ஏற்றபடி சாதாரண பிளைவுட்டில் சட்டம் வெட்டி உள்ளே பொருத்துங்கள். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள், அகலங்களை அளந்து எழுதுங்கள். அப்புறம் ஒரு பலகையைக் கழற்றி, அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டிப் பொருத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். அழுகிய பழைய பலகையைக்கூட வேலை முடியும் வரை எறியாதீர்கள், அதன் விளிம்பு வளைவு வேறு எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் வைக்க வேண்டும் என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், நல்ல முகமூடி போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

என்ன மரம் வாங்குவது? தோட்டத்திலேயே சில்வர் ஓக் நிறைய இருக்கிறதே?

சில்வர் ஓக் வேண்டாம். பெட்டி செய்யலாம், பேனல் செய்யலாம், பார்க்கவும் அழகு, ஆனால் ஈரத்தில் தாக்குப்பிடிக்காது.

பலகைக்குத் தேக்கு நல்லது, ஒரே நிபந்தனை அது வைரம் பாய்ந்த மரமாக இருக்க வேண்டும். இப்போது கடைகளில் வரும் இளம் தேக்கில் ஓரத்து வெள்ளைப் பகுதி நிறைய இருக்கிறது, தேக்கு என்று பெயர் இருந்தாலும் அந்த வெள்ளை சீக்கிரம் அழுகும். ஒரு விரல் அகல வெள்ளைகூட இல்லாமல் பார்த்து வாங்குங்கள். கேரளத்தில் வள்ளம் கட்டுகிறவர்கள் ஆஞ்சிலி என்று கொண்டாடும் மரம் நம்முடைய அயினிதான், கிடைத்தால் விடாதீர்கள். பலா மரமும் நன்றாக உழைக்கும், முற்றிய பலா ஒன்று உங்கள் தோட்டத்தில் காற்றில் விழுந்திருந்தால் அது அதிர்ஷ்டம். நிற்கும் மரத்தை வெட்டுவதாக இருந்தால் மட்டும் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள், மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரமானாலும் அப்படியே கைவைத்துவிட முடியாது.

செலவு தெரிய வேண்டும் என்பவர்களுக்கு: மரம் கன அடிக் கணக்கில் விற்கிறது. 14 அடி நீளம், 6 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் உள்ள ஒரு பலகைக்கு அரைக் கன அடிக்கும் குறைவான மரம்தான் பிடிக்கும், துல்லியமாகச் சொன்னால் 0.44. ஆனால் படகுப் பலகை நேராக இருக்காது, வாழைப்பழ வளைவில் வரும், அதை வெட்ட அகலமான மரம் வேண்டும், மிச்சம் வீணாகும். அதனால் இரண்டு மடங்காகக் கணக்குப் போட்டு வாங்குங்கள். நடுவில் முடிச்சு இருக்கும் மரத்தை விலை குறைவென்று எடுக்காதீர்கள்.

தட்டை அடியுள்ள படகாக இருந்தால் மரைன் பிளைவுட் போடலாம். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரையான ஐ.எஸ். 710 இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஏறாது என்று கடைக்காரர் வாயால் சொல்வது போதாது, ஒரு துண்டை வெட்டி வாங்கிச் சில மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள், அடுக்கு பிரியக் கூடாது.

வங்குக்கால் முறிந்திருக்கிறது. மாற்ற முடியுமா?

முடியும். பழையதை எடுக்காமலே, அதன் பக்கத்தில் அதே வளைவில் புதிதாக ஒன்றை வைத்து முடுக்குவது சுலபமான வழி, வடிவமும் கெடாது. வளைவை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் கேள்வி. மெல்லிய வங்குக்கால் என்றால் நீராவியில் வளைக்கலாம், ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது கணக்கு. வெளியே எடுத்ததும் ஒரு நிமிஷத்துக்குள் வளைத்துக் கட்டிவிட வேண்டும், இரண்டு பேர் கையுறையோடு தயாராக நில்லுங்கள். சூளையில் காயவைத்த மரம் இதற்கு ஒத்துவராது, ஓரளவு பச்சை மரம்தான் வளையும்.

கனமான வங்குக்கால் என்றால் நம் கடற்கரைப் படகு ஆசாரிகள் செய்வதையே செய்யுங்கள். நாட்டுக் கருவேல மரத்தில் இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடி எடுப்பார்கள். நார் வளைவோடு சேர்ந்தே ஓடுவதால் அதன் பலம் நேர் மரத்தை வளைவாக வெட்டினால் வராது. சேலத்துச் சமவெளியில் கருவேலத்துக்குப் பஞ்சமில்லை. அட்டையில் வளைவை வெட்டி எடுத்துக்கொண்டு விறகுக் கடைக்குப் போங்கள், விறகு விலையிலேயே அருமையான வங்குக்கால் கிடைக்கும். எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

இரும்பு ஆணி போடலாமா?

வேண்டாம். ஈர மரத்துக்குள் இரும்பு துருப்பிடிக்கும்போது அந்தத் துரு சுற்றியுள்ள மரத்தையும் கருக்கி, மாவாக்கிவிடும். பழைய படகில் ஆணியைச் சுற்றி மட்டும் கறுத்து மிருதுவாக இருப்பது அதனால்தான். படகில் ஏற்கெனவே செப்பு ஆணி இருந்தால் செப்பு ஆணியும் செப்பு வாஷருமே போடுங்கள். ஸ்குரூ வேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகு, நன்னீருக்கு 304 ரகமே போதும், கடலுக்குத்தான் 316. செம்பையும் சாதா இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், ஈரத்தில் இரும்பு வேகமாக அரிக்கப்பட்டுவிடும். செப்பு ஆணி சேலம் ஹார்டுவேர் கடைகளில் உடனே கிடைக்காவிட்டால் கடலூர், நாகப்பட்டினம் போன்ற துறைமுக ஊர்களில் படகுச் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள்.

பலகை இடுக்குகளில் எபாக்சி ஊற்றி அடைத்துவிடலாமா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், பாதிப் பேர் ஊற்றிவிட்டுத்தான் கேட்கிறார்கள். கூடாது. எபாக்சி என்ற அந்த ரசாயனப் பசை கல்லாக இறுகும், பலகை ஊறி உப்பும்போது இடம் கொடுக்காது. ஏதாவது ஒன்று உடைந்தாக வேண்டும், உடைவது எபாக்சி அல்ல, உங்கள் பலகையோ வங்குக்காலோதான்.

பலகைகள் விளிம்போடு விளிம்பு சேரும் படகில், இடுக்கு உள்பக்கம் ஒட்டியும் வெளிப்பக்கம் சற்று விரிந்தும் இருக்கும். அங்கே பருத்திப் பஞ்சைத் திரியாக உருட்டி, மழுங்கிய உளியாலும் கொட்டாப்புளியாலும் மெதுவாக அடித்து இறக்க வேண்டும். இதைக் கலப்பத்து அடிப்பது என்பார்கள். பலம் காட்டக் கூடாது, திரி இடுக்கின் உள்பக்கம் தாண்டி வெளியே வரக் கூடாது. பஞ்சின் மேல் பெயின்டைத் தடவி, அது காய்ந்ததும் ஆளி விதை எண்ணெயில் சாக்பவுடர் பிசைந்த மென்மையான மக்கை வைத்து மூடுங்கள். கடற்கரையில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சியும் பூசுவார்கள். பலகை உப்பினால் மக்கு கொஞ்சம் வெளியே பிதுங்கும், அது நல்லதே.

பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் படகு என்றால் பஞ்சே வேண்டாம். அந்த மடிப்புக்குள் எதை அடித்தாலும் பலகைகள் பிரியும். ஆணிகளை இறுக்குவதுதான் அங்கே வைத்தியம்.

எபாக்சிக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. முனை சேர்ப்பது, உடைந்த பின்பலகையை ஒட்டுவது, இதற்கெல்லாம் அருமையான பொருள். பலகையை நீளத்தில் சேர்க்கும்போது இரண்டு முனையையும் சரிவாகச் சீவி ஒட்டுங்கள், அந்தச் சரிவின் நீளம் பலகைக் கனத்தைப் போல எட்டு மடங்காவது இருக்கட்டும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டும் முகத்தை அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். பனிமூட்டமான நாளில் காய்ந்த எபாக்சி மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

வெளியே முழுக்க ஃபைபர் சுற்றிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை என்கிறார்களே?

பிளைவுட் படகுக்குச் சரி. பழைய பலகைப் படகுக்குச் செய்யாதீர்கள். உள்ளே மழைத் தண்ணீர் எப்படியும் இறங்கும், வெளியே போக வழி இருக்காது, நாலைந்து மழைக்காலத்தில் ஃபைபர் மட்டும் படகு வடிவத்தில் நிற்கும், மரத்தைக் கையால் அள்ளலாம். பலகைகள் அசைவதால் இடுக்குகளின் மேலேயே ஃபைபரும் வெடிக்கும். ஒருமுறை சுற்றிவிட்டால் பிறகு பிரித்துச் சரிசெய்வதும் ஏறக்குறைய முடியாத காரியம்.

எண்ணெயா, பெயின்டா?

வெளியே பெயின்ட், உள்ளே எண்ணெய் என்பது என் அபிப்பிராயம். வெளியே பிரைமரும் நல்ல எனாமலும் மெல்லிசாகப் பல பூச்சு. உள்ளே காய்ச்சிய ஆளி விதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து, மரம் குடிக்கும் வரை. உள்பக்கம் பெயின்ட் இல்லாவிட்டால் ஈரம் வெளியே போகும், எங்கே கறுக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். கேரளத்தில் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசுவார்கள், பூச்சி அண்டாது, படகு கறுப்பாகிவிடும், கையில் பட்டால் புண்ணாகும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். காபிக் களத்து ஷெட்டில் சாக்கும் சருகும் கிடக்கும் இடத்தில் இது விளையாட்டல்ல. துணியை விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

எல்லாம் முடித்துத் தண்ணீரில் இறக்கினோம், ஊற்று மாதிரி உள்ளே வருகிறது!

பதற வேண்டாம், பலகைப் படகு முதல் நாள் ஒழுகத்தான் செய்யும். இறக்குவதற்கு முன் சில நாள் உள்ளே ஈரச் சாக்கு விரித்து, காலை மாலை நனைத்து வாருங்கள். பிறகு கரையோரம் ஆழமில்லாத இடத்தில் கட்டிப்போட்டு, ஓர் இரவு, இரண்டு இரவு தண்ணீரை உள்ளே விட்டு ஊறவையுங்கள். பலகை உப்பி இடுக்கு மூடிக்கொள்ளும். மூன்று, நான்கு நாள் ஆகியும் ஒரே இடத்தில் ஓடி வந்தால்தான் அங்கே குறை.

ஆனால் படகைத் தாங்கிகள் மேல் வைத்துக்கொண்டு உள்ளே தண்ணீர் நிரப்பாதீர்கள். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ. 14 அடிப் படகில் ஓர் அடி நின்றாலே 800 கிலோவை நெருங்கும், வெளியிலிருந்து தாங்கத் தண்ணீர் இல்லாததால் புதிதாகப் போட்ட ஆணிகளையே அது பிடுங்கிவிடும்.

மேட்டூர் பரிசலுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

இல்லை. பரிசல் மூங்கில் பின்னல், முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். மூங்கில் போனால் புதிதாகப் பின்னுவதுதான்.

சரிசெய்த படகை எங்கே ஓட்டலாம்?

சொந்தக் குட்டையில் ஓட்டலாம். ஏற்காடு ஏரியின் படகுக் குழாம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது, நம் படகை நாமே கொண்டுபோய் இறக்கிவிட முடியாது. மேட்டூர் நீர்த்தேக்கம், பூலாம்பட்டிப் பக்கம் காவிரி, இங்கெல்லாம் நீர்வளத்துறையிடமும் உள்ளாட்சியிடமும் முன்கூட்டியே கேளுங்கள். மோட்டார் மாட்டினால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு, சான்று எல்லாம் வரும். எங்கே ஓட்டினாலும் உயிர்காப்பு மேலங்கி இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள், குட்டைதானே என்று நினைக்க வேண்டாம்.

இதற்குச் சேலத்தில் ஆள் கிடைப்பார்களா?

படகு ஆசாரி என்று தனியாகத் தேடினால் சிரமம். ஆனால் தேர், பழைய வீட்டுக் கதவு நிலை, மாட்டு வண்டி இவற்றில் கைவைத்த ஆசாரிக்கு வளைவும் இணைப்பும் நன்றாகத் தெரியும், அவரால் பலகையும் வங்குக்காலும் போட முடியும். கலப்பத்து வேலைக்கு மட்டும் கடற்கரையிலிருந்து ஒருவரைச் சில நாள் வரவழையுங்கள், உங்கள் ஆசாரியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கூலியை மொத்த ஒப்பந்தமாகப் பேசாமல் நாள் கணக்கில் பேசுங்கள். ஒப்பந்தம் என்றால் மரம் காயும் வரை காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம், ஈரத்தோடு பெயின்டை அடித்து முடித்துவிட்டுப் போக வேண்டிய நிலைக்கு அவரை நாமே தள்ளுகிறோம். காயும் நாட்களில் துடுப்பு இழைக்கும் வேலையைக் கொடுங்கள், இரண்டு துடுப்பும் ஒரு மாற்றுத் துடுப்பும் எப்படியும் தேவைப்படும்.